"வெறும் பேக்" என்று சொல்லிப் போகும் பொடியன்களுக்காக

மூன்று வாரங்களுக்கு முன்னர், அஸர் தொழுதுவிட்டு வந்து கடையைத் திறந்துகொண்டிருந்தபோது எமது அணியின் ஸ்டொப்பர் வந்து நின்றார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் அவருடைய பூட்ஸ்.

"நாநா, இத யாராச்சும் சின்னப் பயலுக்குக் குடுங்க. நான் இனி வெளையாட வரல" என்றார்.

அவருக்கு இருபத்தேழு வயது. பத்து வருடங்களாக எமது அணியின் பின்களத்தில் நின்றவர். இடது முழங்கால் இரண்டாவது தடவையாகவும் போய்விட்டது. இனி ஓடி விளையாடக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் கொழும்புக்கு, புறக்கோட்டையில் ஒரு கடைக்கு வேலைக்குப் போகிறார்.

"விளையாட முடியாவிட்டால் என்ன, பொடியன்களைப் பழக்கலாமே" என்றேன்.

"நான் வெறும் பேக் தானே நாநா. கோல் அடிச்சவனா? எங்கிட்ட யாரு பழகுவா?" என்று கேட்டார்.

கடையில் ஆட்கள் நின்றதால் அந்த நேரத்தில் ஒழுங்கான பதில் ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அவரைப் போன்றவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். உங்கள் கடையிலும் இருக்கக்கூடும்.

எமது ஊரை அறியாதவர்களுக்காக ஓரிரு வார்த்தைகள். தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக மேலேறி வந்தால் அக்கரப்பத்தனை. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அதற்கும் அப்பால் டயகம. அதன் பின்னால் ஹோட்டன் சமவெளி. பஸாரில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பங்கள் சில. எஞ்சியோர் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். ஆகவே எமது அணியில் பதினொரு பேரும் முஸ்லிம்களாக இருந்த காலம் ஒருபோதும் இருந்ததில்லை. பஸார்ப் பொடியன்கள் மூன்று நான்கு பேர், லயத்துப் பொடியன்கள் ஏழெட்டுப் பேர். அப்படித்தான் நானும் ஆடினேன். நானும் பேக் தான்.

சமதரை என்பது இங்கே பெரும் சொத்து. தேயிலை இல்லாத தட்டையான நிலம் கிடைப்பது அபூர்வம். பிள்ளைகள் லயத்து வாசலிலும் பிரட்டுக்களத்திலும் பந்தை உதைத்துப் பழகி, பிறகுதான் தோட்டத்து மைதானத்துக்கு வருகிறார்கள். மழைக் காலத்தில் அந்த மைதானம் சேறாகிவிடும். மூடுபனி இறங்கினால் எதிர்ப்பக்கத்துக் கோல் கம்பம் தெரியாது. அந்த நேரங்களில் பின்களத்தில் நிற்பவனின் குரல்தான் அணியை நடத்தும். "வலப்பக்கம் ஆள்!", "ஏறு!", "விடாதே!" என்று அவன் கத்துவதைக் கேட்டுத்தான் முன்னால் நிற்பவர்கள் அசைவார்கள்.

அந்தக் குரலில்தான் ஒரு பயிற்றுவிப்பாளர் இருக்கிறார் என்பது எனது கருத்து.

பின்களத்தில் நிற்பவருக்கு என்ன தெரிகிறது?

முன்கள வீரர் பெரும்பாலும் எதிரணியின் கோல் கம்பத்தைப் பார்த்தபடி நிற்கிறார். தன் அணியினர் அவருக்குப் பின்னால் இருக்கிறார்கள். பின்கள வீரருக்கோ முழு ஆட்டமும் கண் முன்னால் விரிகிறது. தன் அணியில் யார் களைத்துவிட்டார், எந்தப் பக்கம் திறந்து கிடக்கிறது, எதிரணியில் யார் காவலின்றி நிற்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரியாவிட்டால் கோல் விழும்.

ஓப்சைட் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து அனுப்பப்படும் கணத்தில், தாக்க வரும் வீரர் எதிரணியின் பாதியில், பந்தையும் எதிரணியின் கடைசி ஆளுக்கு முந்திய ஆளையும் தாண்டி நின்று ஆட்டத்தில் தலையிட்டால் அது ஓப்சைட். கடைசி ஆள் அநேகமாகக் கோல் காப்பாளராகவே இருப்பதால், நடைமுறையில் பின்கள வரிசைதான் அந்த எல்லைக் கோட்டைத் தீர்மானிக்கிறது. நான்கு பேரும் ஒரே நேரத்தில் முன்னேறினால் எதிராளி பொறியில் விழுவார். ஒருவர் அரை அடி பிந்தினாலும் பொறி உடைந்துவிடும். நான்கு பேரை ஒரே கோட்டில், ஒரே கணத்தில் அசைய வைப்பதற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். எப்போது ஏறுவது, எப்போது நிற்பது என்று மற்றவர்களுக்காகவும் முடிவெடுக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. முன்கள வீரர் ஐந்து வாய்ப்புகளைத் தவறவிட்டு ஆறாவதில் கோல் அடித்தால் தோளில் தூக்குவார்கள். பின்கள வீரர் எண்பத்தொன்பது நிமிடம் சரியாக ஆடிவிட்டு ஒரு நிமிடம் தவறினால் அந்த ஒரு நிமிடத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள். பயிற்றுவிப்பாளரின் வாழ்க்கையும் கிட்டத்தட்ட இதுதான். வெற்றி வீரர்களுக்குப் போகும். தோல்வி அவர் வாசலுக்கு வரும். அதைத் தாங்கிப் பழகியவர் பின்கள வீரர்.

இதற்காக, நல்ல பயிற்றுவிப்பாளர்கள் எல்லோரும் பின்களத்திலிருந்தே வருகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். அது உண்மையல்ல. "வெறும் பேக்" என்று தன்னைத் தானே கழித்துக்கொள்வதற்குக் காரணமே இல்லை என்றுதான் சொல்கிறேன். ஜேர்மனியின் பிரான்ஸ் பெக்கன்பவர் பின்களத்தில் நின்றவர். 1974இல் அணித் தலைவராக உலகக் கிண்ணத்தை வென்றார். 1990இல் பயிற்றுவிப்பாளராக வென்றார். பிறகு பயேர்ன் மியூனிக் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். ஆட்டம், பயிற்சி, நிர்வாகம் என்ற மூன்று படிகளையும் ஒரே மனிதர் ஏறினார்.

ஜேர்மனி எங்கே, அக்கரப்பத்தனை எங்கே என்று கேட்பீர்கள். சரி, எமது நாட்டுக்கே வருவோம்.

பக்கீர் அலியின் பாதை

நிஸாம் பக்கீர் அலி என்ற பெயர் மூத்த ரசிகர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். இலங்கையின் பின்கள வீரர். 1980களில் பங்களாதேஷுக்குச் சென்று டாக்காவின் புகழ்பெற்ற அபஹானி கழகத்துக்காக ஆடினார். அக்காலத்தில் டாக்கா லீக் ஆட்டம் என்றால் அந்த நகரமே இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் அபஹானி, மறுபக்கம் மொஹமடன். அந்த அழுத்தத்துக்குள் ஒரு வெளிநாட்டவராகச் சென்று பின்களத்தில் நின்று பெயர் வாங்குவது சிறிய விடயமல்ல.

ஆடுவதை நிறுத்திய பின்னர் அவர் பயிற்றுவிப்பாளரானார். பங்களாதேஷ் கழகங்களைப் பயிற்றுவித்தார். 2018இல் இலங்கைத் தேசிய அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளர் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது.

அந்த வருடம் செப்டெம்பரில் தெற்காசியக் கிண்ணப் போட்டிகள் டாக்காவில் நடந்தன. முதல் ஆட்டத்தில் இந்தியாவிடம் 2-0 எனத் தோற்றோம். இரண்டாவது ஆட்டம் மாலைதீவுடன். கடையில் கைத்தொலைபேசியை அரிசி மூட்டையில் சாய்த்து வைத்துப் பார்த்தது ஞாபகம். 0-0. எமது பின்களம் கடைசி வரை உடையவில்லை. பிறகு மாலைதீவும் இந்தியாவிடம் அதே 2-0 கணக்கில் தோற்றது. இரு அணிகளுக்கும் ஒரே புள்ளி. அடித்த கோலும் இல்லை. வாங்கிய கோல்கள் இரண்டு. எதைக் கொண்டும் பிரிக்க முடியாமல் நாணயத்தைச் சுண்டினார்கள். மாலைதீவு அரையிறுதிக்குப் போனது. நாம் வீட்டுக்கு வந்தோம். அதே மாலைதீவு இறுதிப் போட்டியில் இந்தியாவை 2-1 என வென்று கிண்ணத்தையும் எடுத்துச் சென்றது.

ஒரு பயிற்றுவிப்பாளரின் உழைப்பு சில வேளைகளில் எதில் தங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. சம்பியனான அணிக்கும் எமக்கும் இடையில் அந்தச் சுற்றில் இருந்த வித்தியாசம் ஒரு நாணயத்தின் ஒரு பக்கம் மட்டுமே.

அடுத்த வருடம் 2019. அந்த வருடத்தைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஏப்ரலுக்குப் பிறகு எமது பெயரைச் சொல்லிப் பஸ்ஸில் ஆசனம் கேட்கவே தயங்கிய நாட்கள் அவை. கடைக்கு வழமையாக வருபவர்கள் சிலர் தெருவின் மறுபக்கத்தால் போனார்கள். ஜூன் மாதம் உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் இலங்கை மக்காவ் அணியுடன் மோதியது. முதல் ஆட்டத்தில் 1-0 எனத் தோற்றோம். இரண்டாவது ஆட்டம் கொழும்பில் நடக்க இருந்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி மக்காவ் வர மறுத்தது. பீபா அந்த ஆட்டத்தை 3-0 என இலங்கைக்கு வழங்கியது. நாம் அடுத்த சுற்றுக்குப் போனோம். ஒக்டோபரில் தென் கொரியா எமக்கு எட்டுக் கோல்கள் அடித்தது.

எட்டுக் கோல்களைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த மாதங்கள் முழுவதும் நாட்டின் தேசிய அணிக்கு முன்னால் நின்று, தோல்விக்கும் பதில் சொல்லி, அடுத்த ஆட்டத்துக்கும் அணியைத் தயார்படுத்தியவரின் பெயர் பக்கீர் அலி. என் கடைக்கு வந்து ஆட்டத்தைப் பற்றி விவாதித்த லயத்து இளைஞர்களும் சிங்கள நண்பர்களும் அவரை "எங்கட கோச்" என்றுதான் குறிப்பிட்டார்கள். அந்த நாட்களில் அந்தச் சொல் என் காதுக்கு எப்படிக் கேட்டது என்பதை நம் வாசகர்கள் விளங்கிக்கொள்வார்கள்.

ஹைதராபாத்தின் நயீமுத்தீன்

இன்னொருவரையும் நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். சையத் நயீமுத்தீன். இந்தியாவின் ஹைதராபாத்தில் 1944இல் பிறந்தவர். இவரும் பின்கள வீரர். 1970ஆம் ஆண்டு பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் இந்திய அணியின் தலைவர். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானை 1-0 என வென்று வெண்கலப் பதக்கம் பெற்ற அணி அது. கொல்கத்தாவின் மூன்று பெரிய கழகங்களான ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், மொஹமடன் ஸ்போர்ட்டிங் ஆகியவற்றுக்கும் ஆடியவர்.

பயிற்றுவிப்பாளரான பிறகு உடற்தகுதியிலும் ஒழுக்கத்திலும் மிகக் கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தார். 1990இல் அவரது பயிற்சியில் ஈஸ்ட் பெங்கால் ஒரே பருவத்தில் டுராண்ட் கிண்ணம், ரோவர்ஸ் கிண்ணம், ஐ.எப்.ஏ. கேடயம் மூன்றையும் வென்றது. 2005இல் கராச்சியில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தை அவர் பயிற்றுவித்த இந்திய அணி வென்றது. பிறகு பங்களாதேஷ் தேசிய அணிக்கும் பயிற்றுவிப்பாளரானார். வீரராக அர்ஜுனா விருது, பயிற்றுவிப்பாளராகத் துரோணாச்சாரியார் விருது, இரண்டும் அவருக்குக் கிடைத்தன.

அதே ஹைதராபாத் மண்ணில் அவருக்கு முன்னோடியாக இருந்தவர் சையத் அப்துல் ரஹீம். தொழிலால் பாடசாலை ஆசிரியர். 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியா தங்கம் வென்றபோதும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றபோதும் பயிற்றுவிப்பாளர் அவரே. 1962 ஜகார்த்தாவில் ஜர்னைல் சிங் என்ற பின்கள வீரருக்குத் தலையில் காயம்பட்டுத் தையல் போட வேண்டியிருந்தது. ரஹீம் அவரை ஓய்வில் இருத்தவில்லை. முன்களத்துக்கு அனுப்பினார். தென் கொரியாவுக்கு எதிரான இறுதிப் போட்டியில் இந்தியா அடித்த இரண்டு கோல்களில் ஒன்றை அடித்தவர் அந்த ஜர்னைல் சிங். மற்றவர்கள் ஒரு "பேக்" என்று பார்த்த இடத்தில் ரஹீம் வேறொன்றைப் பார்த்தார். பயிற்றுவிப்பு என்றால் அதுதான்.

ஆடத் தெரிந்தால் போதுமா?

போதாது. எமது பகுதியில் பலரும் தவறிவிடும் இடம் இதுதான். நன்றாக ஆடியவர் நன்றாகப் பழக்குவார் என்று நினைக்கிறோம். ஆடுவது ஒரு தொழில், பழக்குவது வேறொரு தொழில். பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன பயிற்சி கொடுக்க வேண்டும், பதினாறு வயதுக்கு என்ன, காயம்பட்டவனை எப்போது மீண்டும் களமிறக்கலாம், ஒன்றரை மணி நேரப் பயிற்சியை எப்படிப் பிரிப்பது என்பவற்றையெல்லாம் படித்துத்தான் ஆக வேண்டும்.

அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆசிய உதைபந்தாட்ட சம்மேளனத்தின் பயிற்றுவிப்பாளர் உரிமங்கள் சி, பி, ஏ, புரோ என்று படிப்படியாக மேலே போகின்றன. சி-க்குக் கீழே, சிறுவர்களைப் பழக்க ஆரம்பிப்பவர்களுக்கான அடிப்படைப் பயிற்சி நெறிகளைத் தேசிய சம்மேளனங்கள் நடத்துகின்றன. ஒரு படியை முடித்து, அந்தத் தரத்தில் அணி ஒன்றைப் பயிற்றுவித்து அனுபவம் பெற்ற பிறகே அடுத்த படி. இந்நெறிகளில் விரிவுரையும் உண்டு, மைதானத்தில் செய்து காட்டும் பரீட்சையும் உண்டு. ஒரு பாடசாலை அணியையோ கிராமத்துக் கழகத்தையோ முறையாகப் பொறுப்பேற்க விரும்புபவருக்கு முதலிரண்டு படிகளே பெரிய கதவைத் திறந்துவிடும்.

எங்கள் ஸ்டொப்பரிடம் இதைப் பிறகு தொலைபேசியில் சொன்னேன். "எனக்கு இங்கிலீஷ் வராதே நாநா" என்றார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அந்தப் பயத்தால்தான் நானும் முப்பது வயதில் இதைச் செய்யாமல் விட்டேன். இன்று ஐம்பத்திரண்டு வயதில் வாரத்துக்கு மூன்று நாள் பொடியன்களைப் பழக்குகிறேன். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அதற்கு மேல் அவர்கள் கேட்கும் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதினைந்து வயதில் என்னைத் தாண்டிப் போகக்கூடிய பிள்ளைகள் என்னோடு நின்றுவிடுகிறார்கள். அவர்களில் ஒருவனையாவது மேலே அனுப்பத் தெரிந்த ஒருவர் இந்த ஊருக்கு வேண்டும்.

கழகம் என்பது கடையைப் போல

பயிற்றுவிப்புக்கு அடுத்தது கழக முகாமைத்துவம். இதை நாம் அலட்சியமாகப் பார்க்கிறோம். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பெயரைப் போட்டுவிட்டால் கழகம் ஆகிவிட்டது என்று எண்ணுகிறோம்.

ஆசிய சம்மேளனம் கழகங்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும்போது ஐந்து விடயங்களைப் பார்க்கிறது. முதலாவது விளையாட்டு: இளையோர் அணி இருக்கிறதா, அடுத்த தலைமுறை தயாராகிறதா? இரண்டாவது கட்டமைப்பு: ஆடவும் பயிற்சி பெறவும் இடம் இருக்கிறதா? மூன்றாவது ஆளணியும் நிர்வாகமும்: தகுதியுள்ள பயிற்றுவிப்பாளர், மருத்துவ உதவி, பொறுப்பான அலுவலர்கள் இருக்கிறார்களா? நான்காவது சட்டம்: கழகம் யாருடையது, பதிவு ஒழுங்காக இருக்கிறதா? ஐந்தாவது நிதி: கணக்கு முறையாக எழுதப்பட்டுச் சரிபார்க்கப்படுகிறதா, வீரர்களுக்குக் கொடுக்க வேண்டியது நிலுவையில் இருக்கிறதா?

பெரிய கழகங்களுக்கான விதிகள்தான். ஆனாலும் ஒரு கடைக்காரனான எனக்கு இவை புதியவை அல்ல. சரக்கு, இடம், ஆள், பத்திரம், கணக்கு என்ற ஐந்தும் இல்லாமல் எந்தக் கடையும் நடக்காது. ஆனால் எனது கடையில் காட்டிய கவனத்தை நான் கழகத்தில் காட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் செயலாளராக இருந்த ஒரு வருடம், சுற்றுப்போட்டி ஒன்றுக்கான வீரர் பதிவுப் படிவங்களை நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிவைத்து இறுதித் திகதியைத் தவறவிட்டேன். ஆறு மாதம் சேற்றில் பயிற்சி எடுத்த பதினெட்டுப் பேர் அந்தப் பருவத்தில் ஆடவில்லை. அவர்களில் மூவர் அதன் பிறகு மைதானத்துக்கே வரவில்லை. மைதானத்தில் நான் பேக்காக நின்று விட்ட கோல்கள் எல்லாவற்றையும்விட, மேசையில் விட்ட அந்த ஒரு கோல்தான் என்னை இன்றும் உறுத்துகிறது.

நாடளவிலும் இதைத்தான் கண்டோம். நிர்வாகத்தில் வெளித்தலையீடு இருப்பதாகக் கூறி 2023 ஜனவரியில் பீபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் மாதம் வரை அது நீடித்தது. அந்த வருடம் தெற்காசியக் கிண்ணத்தில் இலங்கை இல்லை. மைதானத்தில் எந்த வீரரும் தவறு செய்யவில்லை. தண்டனையை மட்டும் வீரர்களே அனுபவித்தார்கள்.

கழகம் ஒன்று சமூகத்துக்கு என்ன கொடுக்கும், நிர்வாகம் சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்ற இரண்டையும் பார்க்க விரும்புபவர்கள் கொல்கத்தா மொஹமடன் ஸ்போர்ட்டிங்கின் வரலாற்றைப் பார்க்கலாம். 1891இல் தொடங்கப்பட்ட கழகம். 1934இல் கல்கத்தா லீக்கை வென்ற முதலாவது இந்தியக் கழகமாகியது. 1938 வரை தொடர்ந்து ஐந்து வருடங்கள் அந்தப் பட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. திறமையாளர்களைத் தூரப் பிரதேசங்களிலிருந்தும் தேடிக் கொண்டுவந்து சேர்த்த நிர்வாகம் அந்த வெற்றிகளுக்குப் பின்னால் இருந்தது.

அதே கழகம் 2023-24 பருவத்தில் ஐ-லீக் பட்டத்தை வென்று இந்தியாவின் உயர்மட்ட லீக்குக்குத் தகுதி பெற்றது. அப்போது பயிற்றுவிப்பாளர் ரஷ்யாவின் அந்திரேய் செர்னிஷோவ். அவரும் முன்னாள் பின்கள வீரர். ஆனால் உயர்மட்டத்துக்கு வந்த முதல் பருவத்திலேயே சம்பள நிலுவைப் பிரச்சினை எழுந்தது. 2025 ஆரம்பத்தில் அவர் விலகிச் சென்றார். அந்தப் பருவம் கழகத்துக்குக் கடைசி இடத்தில் முடிந்தது. நல்ல பயிற்றுவிப்பாளர் இருந்தும், நிர்வாகம் தளர்ந்தால் அணி நிற்காது.

அந்த இக்கட்டான நேரத்தில் பொறுப்பை ஏற்றவர் மெஹ்ராஜுத்தீன் வாதூ. காஷ்மீரின் ஸ்ரீநகரைச் சேர்ந்தவர். இந்தியத் தேசிய அணியின் முன்னாள் பின்கள வீரர். 2015இல் இந்தியன் சுப்பர் லீக்கை வென்ற சென்னையின் எப்.சி. அணியில் இருந்தவர். ஆடுவதை நிறுத்திய பின் படிப்படியாகப் பயிற்றுவிப்புக்கு வந்து, தன் மண்ணின் ரியல் காஷ்மீர் அணியையும் பயிற்றுவித்தார். ஸ்ரீநகரும் மலை ஊர்தான். அங்கும் பனி இறங்கினால் மைதானம் தெரியாது.

இனி என்ன செய்யலாம்?

கடந்த மாதம் எமது கழகக் கூட்டத்தில் ஒரு யோசனை வைத்தேன். கடந்த வருடம் புதிய ஜேர்சிக்கும் சுற்றுப்போட்டி ஒன்றின் பரிசுக் கிண்ணத்துக்குமாக நாம் செலவழித்தது அறுபதினாயிரம் ரூபாவுக்கு மேல். இந்த வருடம் பழைய ஜேர்சியிலேயே ஆடுவோம். அந்தப் பணத்தில் ஒருவரைப் பயிற்சி நெறிக்கு அனுப்புவோம். போக்குவரத்து, தங்குமிடம், அந்த நாட்களில் அவர் இழக்கும் கூலி ஆகியவற்றைக் கழகம் கொடுக்கட்டும். பதிலுக்கு அவர் இரண்டு வருடம் எமது சிறுவர் அணியைப் பழக்கட்டும்.

எதிர்ப்பு வந்தது. "படிச்சிட்டு அவன் கொழும்புக்குப் போயிட்டான்னா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். படிக்காமலே போய்க்கொண்டுதானே இருக்கிறார்கள் என்று பதில் சொன்னேன். முடிவு எடுக்கப்படவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள்.

எல்லோரும் பயிற்றுவிப்பாளராக வேண்டியதில்லை. நடுவராகலாம். அணி முகாமையாளராகலாம். படிவங்களையும் கணக்கையும் ஒழுங்காகப் பார்க்கும் செயலாளராகலாம். என்னைப் போல் திகதியைத் தவறவிடாத ஒருவர் எந்தக் கழகத்துக்கும் ஒரு நல்ல முன்கள வீரருக்குச் சமம். எந்தப் பாதையானாலும் அதைப் பற்றி இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிலேயே பேச ஆரம்பிக்க வேண்டும். முழங்கால் போன பிறகு பேசினால், பையில் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள்.

கடைசியாக, இந்தப் பக்கத்தைப் படிக்கும் கொழும்பு வர்த்தகர்களிடம் ஒரு வேண்டுகோள். புறக்கோட்டையிலும் மருதானையிலும் உங்கள் கடைகளில் மலையகத்துப் பொடியன்கள் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். அவர்களிடம் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்: "தம்பி, ஊரில் என்ன விளையாடினாய்? எந்த இடத்தில் நின்றாய்?" என்று. "பேக்" என்று ஒருவர் சொன்னால் சற்று நின்று பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை அருகிலுள்ள கழகம் ஒன்றில் சிறுவர்களைப் பழக்க அவருக்கு ஒரு வாய்ப்பு வாங்கிக் கொடுங்கள். பயிற்சி நெறி ஒன்றுக்கு விண்ணப்பிக்க விரும்பினால் அந்த நாட்களுக்குச் சம்பளத்துடன் விடுமுறை கொடுங்கள். உங்களுக்கு அது சிறிய தொகை. ஒரு தோட்டத்துக்கு அது ஒரு பயிற்றுவிப்பாளர்.

எமது ஸ்டொப்பர் அடுத்த மாதம் முதலாம் திகதி புறப்படுகிறார். அதற்கு முன்னர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. அந்த இரண்டு நாளும் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பொடியன்களின் பின்களத்தை மட்டும் பார்த்துக்கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பூட்ஸ் இன்னும் கடையில், கல்லாப்பெட்டிக்குக் கீழேதான் இருக்கிறது. யாருக்கும் கொடுக்கவில்லை.